பீட்டர் யாரைக் கட்டியிருக்கணும்? சூப்பர்ஹீரோ சண்டையில் மானம் போகாமல் கம்பு சுத்துவது எப்படி

ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டருக்கு இரண்டு காதலிகள், க்வென் ஸ்டேசி, மேரி ஜேன். ஒரு ராத்திரி முழுக்க க்வெனுக்காகக் கம்பு சுத்தியிருக்கிறேன். எதிரில் இருந்தவர் மேரி ஜேன் கட்சி. "அவன் யாருன்னு தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணு கூடவே போச்சு, அதுக்குப் பீட்டர் என்ன பண்ணுவான்" என்கிறார் அவர். "அவளுக்கு எதுவுமே தெரியாதுங்க, அப்பா செத்ததுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம்னு நம்பினவ, அவன்தான் பீட்டர்னு தெரியாமலே செத்துப்போனா" என்கிறேன் நான். நான் எதையும் படிக்காமல் பேசுகிறேன் என்பது அவர் முடிவு, அவர் வாய்கூசாமல் உருட்டுகிறார் என்பது என் முடிவு. இரண்டு மணிக்கு மேல்தான் தெரிந்தது, அவர் பேசியது 2012-ல் திரைக்கு வந்த க்வென், நான் பேசியது 1965-ல் காமிக்ஸில் வந்த க்வென். படத்தில் பீட்டர் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான், காமிக்ஸில் 1973-ல் அவள் சாகும்வரை சொல்லவே இல்லை. ஆக இரண்டு பேர் சொன்னதும் சரி, நாலு மணி நேரமாக வேறு வேறு பெண்ணுக்காக அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றையிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது சூப்பர்ஹீரோ விஷயத்தில் பொங்கினால், பதில் சொல்வதற்கு முன்னால், இவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்ப்பேன். கதைக்குள் இருக்கும் ஆளையா, அந்தக் கதையை எழுதி விற்றவர்களையா, இல்லை வேஷம் கட்டிய நடிகரையா? பாதிச் சண்டைகள் இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக நினைத்து அடிப்பதால் வருகிறவைதான். எக்ஸ்-மென் கதைகளில் வரும் ஸ்காட் சம்மர்ஸ் மேல் இருக்கும் கோபம் உண்மையில் ஒரு பதிப்பாசிரியர் மேல் இருக்க வேண்டிய கோபமாக இருக்கும், நடிகை மேல் கொட்டுகிற வசவு திரைக்கதை எழுதியவருக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கும். கீழே இருப்பதெல்லாம் அதை எப்படிப் பிரித்துப் பிடிப்பது என்பதற்கான வழிகள்தான்.

எந்த பேட்மேன்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். "பேட்மேன் கொல்ல மாட்டான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம், இல்லை என்று பாயவும் வேண்டாம். 1939-ல் வந்த முதல் கதையிலேயே வில்லன் பேட்மேனிடம் அடி வாங்கி அமிலத் தொட்டிக்குள் விழுகிறான், நம்மாள் இவனைப் போன்றவர்களுக்கு இதுதான் சரியான முடிவு என்கிற தோரணையில் ஒரு வசனம் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறான். அடுத்த ஆண்டு விமானத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு வருகிறான். அப்புறம்தான் பதிப்பகத்தில் விட்னி எல்ஸ்வொர்த் என்ற ஆசிரியர், இனிமேல் கொலை கூடாது என்று கோடு போட்டார். ஆக "கொல்ல மாட்டான்" என்பது பிறவிக் குணம் இல்லை, அலுவலகத்தில் எடுத்த முடிவு. பிற்பாடு எழுதியவர்கள் அந்த முடிவை அவன் மனசாட்சியாகவே வளர்த்தெடுத்தார்கள், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் யாரும் எளிதில் வாதாட முடியாது.

சூப்பர்மேனும் இதே கதை. 2013 படத்தில் அவன் வில்லன் ஸாடின் கழுத்தை முறித்தபோது "என் சூப்பர்மேன் ஒருபோதும் இதைச் செய்ய மாட்டான்" என்று கழுவி ஊற்றாத ஆள் இல்லை. ஆனால் 1988-ல் ஜான் பர்ன் எழுதிய இதழ் ஒன்றில் அவனே மூன்று கிரிப்டான் குற்றவாளிகளைப் பச்சைக் கிரிப்டோனைட்டால் கொன்றிருக்கிறான். இதை வைத்துப் படத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தால் அதுவும் அரைகுறைதான், ஏனென்றால் காமிக்ஸில் அந்தக் கொலை அவனை லேசில் விடவில்லை, மனம் கலங்கி, பூமியை விட்டே போய்விடுகிறான். படத்தில் ஒரு அலறல், அப்புறம் அடுத்த காட்சி. அதனால் "கொன்றான், கொல்லவில்லை" என்று மல்லுக்கட்டுவதைவிட, கொன்ற பிறகு அவனுக்கு என்ன நடக்கிறது என்று கேட்பது நல்ல வாதம். "எப்போதும்", "ஒருபோதும்" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், எண்பது வருஷத்துக்கு மேல் ஓடும் கதையில் எவனாவது ஒருவன் எப்போதாவது அதற்கு நேர்மாறாக எழுதியிருப்பான், அதைத் தேடி எடுத்து உங்கள் முகத்தில் எறிய இன்னொருவன் காத்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. கதையை உருவாக்கியவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை என்று நம்பி இறங்காதீர்கள். 2019-ல் 'எண்ட்கேம்' படத்தில் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ் காலத்தில் பின்னோக்கிப் போய் பழைய காதலி பெக்கியோடு வாழ்ந்துவிட்டுக் கிழவனாக வந்து உட்கார்ந்தானே, அது வேறொரு கால ஓட்டம் என்றார்கள் இயக்குநர்கள். இல்லை, இதே உலகத்தில்தான் இத்தனை நாளும் இருந்தான் என்றார்கள் திரைக்கதை ஆசிரியர்கள். ஒரே படம். எழுதியவர்களும் எடுத்தவர்களும் இரண்டு கட்சி. அப்படியிருக்க நாம் ஏன் ஒருவரையொருவர் முட்டாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்?

ஜோடிச் சண்டை

இதுதான் பெரிய களம். இங்கே புழங்கும் வார்த்தைகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 'ஷிப்' என்றால் கப்பல் இல்லை, ரிலேஷன்ஷிப் என்ற வார்த்தையின் வால், 90-களில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் வெட்டி எடுத்தது. 'கேனான்' என்றால் அதிகாரபூர்வமாக நடந்தது. 'ஹெட்கேனான்' என்றால் என் மண்டைக்குள் நடந்தது. 'ரெட்கான்' என்றால் முன்னால் நடந்ததைப் பின்னால் வந்து மாற்றுவது. 'ஓடிபி' என்று யாராவது எழுதினால் வங்கிக் கணக்குக்கு ஆபத்து இல்லை, தன்னுடைய ஒரே உண்மையான ஜோடி இதுதான் என்று சூளுரைக்கிறார்.

ஜோடி விஷயத்தில் மூன்று வேறு வேறு கோரிக்கைகள் ஒரே வாக்கியத்தில் வரும். "இவங்க ரெண்டு பேரும்தான் சேரணும்" என்றால் அது இருவருக்கும் நல்லது என்கிறாரா, கதை அங்கேதான் போகும் என்கிறாரா, இல்லை பார்க்க நன்றாக இருக்கும் என்கிறாரா? மூன்றாவதில் வாதமே கிடையாது, ரசனை அவரவர் சொத்து. பேட்மேனும் கேட்வுமனும் ஒருவருக்கொருவர் நல்லவர்களா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கூரைமேல் அவர்கள் ஒருவரையொருவர் துரத்துவதை இன்னும் நூறு வருஷம் படிக்கத் தயார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

அந்த ஜோடியையே எடுத்துக்கொள்வோம், பாடம் நடத்த வசதியான ஜோடி. 1940-ல் முதன்முதலாக மோதிக்கொண்டவர்கள், 2017-ல் அவன் மோதிரம் நீட்டினான், 2018 ஜூலையில் ஐம்பதாவது இதழில் கல்யாணம் என்று பறைசாற்றினார்கள். இதழ் கடைக்கு வரும் முன்பே ஒரு பெரிய நாளிதழ் முடிவைப் போட்டு உடைத்தது. கல்யாணம் நடக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிற பேட்மேன் பேட்மேனாக இருக்க மாட்டான், அவனை நம்பியிருக்கும் உலகத்துக்காக நான் விலகிக்கொள்கிறேன் என்று செலினா, அதாவது கேட்வுமன், போய்விடுகிறாள். உடனே வெடித்தது சண்டை, செலினா சுயநலக்காரி என்று ஒரு கூட்டம், தியாகி என்று இன்னொரு கூட்டம்.

இரண்டு கூட்டமும் செலினாவைத்தான் கூண்டில் ஏற்றின. பழைய காமிக்ஸைப் புரட்டியிருந்தால் வேறு ஒன்று கண்ணில் பட்டிருக்கும். 70-களில் 'எர்த்-டூ' என்ற பக்கத்து உலகத்தில் இதே புரூஸும் (பேட்மேனின் சொந்தப் பெயர்) இதே செலினாவும் கல்யாணம் செய்து, ஹெலினா என்று ஒரு மகளும் பிறந்து, அவள் ஹன்ட்ரஸ் என்ற பெயரில் குற்றவாளிகளைப் பிடிக்கிறாள். ஆக அவர்களால் சேர்ந்து வாழ முடியாது என்பதில்லை. மாசா மாசம் விற்க வேண்டிய உலகத்தில் முடியாது, விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத உலகத்தில் முடியும். கல்யாணம் என்றால் கதைக்கு ஒரு முடிவு மாதிரி, தொடர்கதைக்கு முடிவு ஆகாது. இதைப் பிடித்துக்கொண்டு பேசினால் செலினா தியாகியும் இல்லை, சுயநலக்காரியும் இல்லை, ஒரு வியாபார நெருக்கடிக்கு வசனம் பேசக் கிடைத்த வாய்.

பீட்டர், மேரி ஜேன் கல்யாணமும் இப்படித்தான். 1987-ல் காமிக்ஸில் நடந்ததோடு நிற்காமல் ஒரு விளையாட்டரங்கத்தில் வேஷம் கட்டியவர்களை நிறுத்தி, ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே முன்னின்று நடத்திவைத்தார். இருபது வருஷம் கழித்து, அத்தை மே உயிருக்காக அந்தக் கல்யாணத்தையே ஒரு சாத்தானிடம் கொடுத்துவிடுகிறார்கள், உலகமே அதை மறந்துவிடுகிறது. கல்யாணம் ஆனவன் வயசானவனாகத் தெரிகிறான் என்பது தலைமை ஆசிரியர் ஜோ கசாடா வெளிப்படையாகவே சொல்லிவந்த கருத்து. கதையை எழுதிய ஸ்ட்ராஸின்ஸ்கி கடைசி இதழ்களிலிருந்து தன் பெயரையே எடுத்துவிடலாமா என்று யோசித்ததாகப் பொதுவில் எழுதினார். "பீட்டர் எப்படி இதற்குச் சம்மதித்தான், கோழை" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். பீட்டர் சம்மதிக்கவில்லை ஐயா, அலுவலகம் சம்மதித்தது.

அதற்காக எல்லாவற்றையும் அலுவலகத்தின் தலையில் கட்டித் தப்பிக்கவும் கூடாது. ஸ்காட் சம்மர்ஸ் கதையில் நான் இன்னும் தடுமாறுகிறேன். காதலி ஜீன் கிரே செத்த பிறகு, ஸ்காட்டுக்கு ஒரு நல்ல முடிவு கொடுக்க வேண்டும் என்று எழுத்தாளர் க்ளேர்மாண்ட் 1983-ல் மேட்லின் பிரையர் என்ற விமானியைக் கொண்டுவந்து கட்டிவைத்தார். குழந்தையும் பிறந்தது. பிறகு ஜீனை உயிரோடு கொண்டுவந்து பழைய எக்ஸ்-மென் ஐவரைச் சேர்த்துப் புதுத் தொடர் தொடங்கலாம் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. முதல் இதழிலேயே ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறான். கிளம்பிய கையோடு திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, கட்டியவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே ஜீனிடம் சொல்லாமல் நாட்களைக் கடத்துகிறான். அவனை நல்லவனாகக் காட்ட என்ன செய்வது என்று தவித்தவர்கள் கடைசியில் மேட்லினை ஜீனின் குளோன் ஆக்கி, வில்லியும் ஆக்கி, கொன்றும் போட்டார்கள். புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டியைப் பிசாசாக்கிய கதை. இங்கே நான் சொல்வது: அனுப்பிவைத்தது ஆசிரியர் குழு, அது சரி, ஆனால் அச்சிட்ட பக்கத்தில் நடந்து போனவன் ஸ்காட். ரசிகர்களாகிய நமக்கு அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் அவன். அவனைத் திட்ட உங்களுக்கு உரிமை உண்டு, திட்டும்போது அந்த வாசலைத் திறந்துவிட்டவர்களையும் ஒரு வரி சேர்த்துத் திட்டுங்கள், கணக்கு நேராகிவிடும்.

காதல் என்று கதை சொல்வதை எல்லாம் காதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. 1980-ல் அவெஞ்சர்ஸ் 200-வது இதழில், அந்தக் குழுவில் ஒருத்தியான கரோல் டான்வர்ஸை மார்கஸ் என்பவன் வேறொரு வெளிக்குக் கடத்திக்கொண்டு போய், இயந்திரங்களால் மனதை வளைத்து, தன்னையே அவள் வயிற்றில் பிறக்கவைக்கிறான். அப்புறம் அவள் அவனோடு போகிறேன் என்கிறாள், கூட்டாளிகள் கையசைத்து வழியனுப்புகிறார்கள். கதை இதை இனிய முடிவாகவே வைத்தது. ஒரு வாசகி, இது காதல் இல்லை வன்புணர்வு என்று பெயர் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார், சம்பவத்தை வரிசையாக எடுத்துவைத்து, யார் என்ன பேசினார்கள் என்று காட்டி. அடுத்த ஆண்டே க்ளேர்மாண்ட் ஒரு சிறப்பிதழில் கரோலைத் திரும்பக் கொண்டுவந்து, அவெஞ்சர்ஸ் முன்னால் நிறுத்தி, என்னை இப்படி விட்டுவிட்டீர்களே என்று கேட்கவைத்தார். இந்த விவாத வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் அது.

பேனலைக் காட்டு

"எனக்கு அப்படித்தான் தோணுது" என்பது ஆரம்பிக்க நல்ல இடம், அங்கேயே உட்கார்ந்துவிட்டால் உருட்டு. இதழ் எண், வருஷம், முடிந்தால் பேனல், அதாவது அந்தப் படக்கட்டம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அக்கா மகள், பதினாறு வயசு. க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுந்த அதிர்ச்சியிலேயே செத்துவிட்டாள், பீட்டரின் வலை அவளைத் தொடும்போதே உயிர் இல்லை என்று நான் ஒருநாள் பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தேன். வில்லன் கிரீன் காப்ளினே அப்படித்தானே சொல்கிறான். அக்கா மகள் ஒன்றும் பேசாமல் ஸ்பைடர்மேன் 121-வது இதழைத் திறந்து, கைப்பேசியில் அந்தப் பேனலைப் பெரிதாக்கி என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மாமா, காலைப் பாக்காதீங்க, கழுத்துக்கிட்டப் பாருங்க." வலை காலில் ஒட்டியிருக்கிறது, தலை பின்னால் வெட்டி மடிகிறது, கழுத்துக்குப் பக்கத்தில் குட்டியூண்டு எழுத்தில் 'ஸ்நாப்'. இத்தனை வருஷமாக அதை நான் பார்த்ததே இல்லை. அடுத்து பீட்டர் அவளைத் தூக்கிக்கொண்டு, உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறான், அவளோ அசையவில்லை. சில இதழ்கள் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் தரப்பும் ஒப்புக்கொண்டது, சட்டென்று நின்ற அந்த அதிர்வுதான் கொன்றது என்று. வில்லன் வசனத்தை நம்பி நான் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன். கதாபாத்திரம் பேசுவது சாட்சியம்தான், தீர்ப்பு இல்லை.

ஆனால் பேனலும் எல்லாம் சொல்லிவிடாது. அவெஞ்சர்ஸில் ஒருவனான ஹாங்க் பிம் என்றாலே "பெண்டாட்டியை அடிச்சவன்" என்ற பட்டம்தான் முதலில் வரும். 1981, அவெஞ்சர்ஸ் 213. முழுக் கையையும் ஓங்கி மனைவி ஜேனட்டை அறைகிற படம். எழுதிய ஜிம் ஷூட்டர் பிற்காலத்தில் சொன்னது, ஆத்திரத்தில் கையை வீசும்போது தவறுதலாகப் படுகிற மாதிரிதான் நான் எழுதினேன், ஓவியர் அதைப் பலத்த அறையாக வரைந்துவிட்டார் என்று. அப்படியானால் ஹாங்க் குற்றமற்றவனா? என்னைக் கேட்டால், இல்லை. அச்சில் வந்தது அறை, பிறகு எழுதிய எல்லோரும் அதை அறையாகவே எடுத்துக்கொண்டு கதை நடத்தினார்கள், ஜேனட்டும் விவாகரத்து செய்தாள். ஷூட்டர் சொன்னது ஷூட்டரைப் பற்றிய தகவல், ஹாங்குக்கான ஜாமீன் இல்லை. அதேநேரம், ஒரு பேனலை மட்டும் கத்தரித்து எடுத்து அறுபது வருஷக் கதாபாத்திரத்தின் நெற்றியில் ஒட்டுகிறவரிடம், அந்த இதழ் முழுக்க அவன் மனம் எப்படிச் சிதைந்துகொண்டு வருகிறது என்று படித்தீர்களா என்று கேட்கலாம். படித்துவிட்டும் திட்டினால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஃப்ரிட்ஜ்' என்ற வார்த்தையும் அடிக்கடி பறக்கும். 1994-ல் கிரீன் லான்டர்ன் கதையில் நாயகன் கைல் ரெய்னரின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் திணித்து வைத்திருப்பான் வில்லன். 1999-ல் கெய்ல் சிமோன், நாயகனுக்குக் கோபம் வருவதற்காகவே கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களைப் பட்டியல் போட்டபோது இந்தக் காட்சியைத்தான் தலைப்பாக வைத்தார். அவரே பிற்பாடு முன்னணி காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார். பெண் கதாபாத்திரம் யார் செத்தாலும் இந்த முத்திரையைக் குத்துகிறார்கள், அது சோம்பல். அவள் சாவு அவளுடைய கதையின் முடிவா, அவனுடைய கதையின் எரிபொருளா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேஷம் கட்டியவர்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இங்கே அடி வாங்குவது காகிதம் இல்லை.

நடிகர் தேர்வைத் திட்டுவது இணையம் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். மைக்கேல் கீட்டன் பேட்மேன் என்று 1988-ல் அறிவித்ததும் ஸ்டுடியோவுக்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் போயின, அத்தனையும் அஞ்சல்தலை ஒட்டியவை. இன்றைக்கு அவரைத்தான் சிறந்த பேட்மேன் என்று ஒரு தலைமுறையே சொல்கிறது. 2006-ல் ஹீத் லெட்ஜர் ஜோக்கரா என்று சிரித்தார்கள், 2008-ல் அவர் இறந்தார், 2009-ல் அந்த வேஷத்துக்கே ஆஸ்கர் வந்தது. இதைச் சொன்னால் உடனே, ஆக எல்லாத் தேர்வும் சரியாகத்தான் வரும் என்று முட்டுக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், சொதப்பிய தேர்வுகளும் உண்டு. பார்ப்பதற்கு முன் சொல்வது ஊகம், அவ்வளவுதான். ஊகம் என்று எழுதி, தேதியையும் போட்டு வையுங்கள், படம் வந்த பிறகு நீங்களே எடுத்துப் பார்த்துச் சிரிக்க வசதியாக இருக்கும். ஆள் எப்படி இருக்கிறார், உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுவதை மட்டும் ஊகத்தில்கூடச் சேர்க்காதீர்கள். வொண்டர் வுமனாகத் தேர்வான கேல் கடோட்டை 2013-ல் ஒல்லி என்று எத்தனை பேர் கேலி செய்தார்கள், அதில் ஒரு வரிகூட நடிப்பைப் பற்றி இல்லை.

படமே வராமல் மதிப்பெண் போடுகிற கூட்டமும் உண்டு. 2019 பிப்ரவரியில் கேப்டன் மார்வெல் வெளியாகும் முன்பே, பார்க்க விருப்பம் இருக்கிறதா என்ற கணக்கில் வந்து எதிர்மறையாகக் குவித்தார்கள், படங்களுக்கு மதிப்பெண் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் அந்த விழுக்காட்டையே எடுத்துவிட்டது. கோபம் பெரும்பாலும் அந்தப் படத்தின் நாயகி பிரீ லார்சன் பேட்டியில் சொன்னதாகச் சுற்றிவந்த வரிகள் மேல். அந்த வரிகளை முழுப் பேச்சோடு வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? நடிகர் சொன்னதாக ஒன்றைப் பார்த்தால் என் வழக்கம் இது: முழுப் பேட்டி எங்கே, என்ன கேள்விக்குச் சொன்னது, எந்த வருஷம். மூன்றும் கிடைக்கவில்லையென்றால் அதைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை. இப்படிச் செய்தால் சண்டையில் எப்போதும் ஒரு நாள் பின்தங்கித்தான் இருப்பீர்கள். பரவாயில்லை.

முழுக்கக் கேட்ட பிறகும் தப்பு என்று தெரிந்தால் தப்பு என்று சொல்லுங்கள். 2015-ல் ஒரு பட விளம்பரப் பேட்டியில், அவெஞ்சர்ஸ் குழுவின் பெண் நாயகி பிளாக் விடோ யாரோடு சேர வேண்டும் என்ற ஜோடிக் கேள்வி வந்தது. ஜெரமி ரென்னர் அந்தக் கதாபாத்திரத்தை ஒரு கொச்சை வார்த்தையால் சொன்னார், கிறிஸ் எவன்ஸ் சிரித்துவிட்டு அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தார். இருவரும் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், ரென்னரின் மன்னிப்பில் அது கற்பனைக் கதாபாத்திரத்தைப் பற்றிய நகைச்சுவை என்ற விளக்கமும் இருந்தது. இதை எப்படி எடைபோடுவது? கதாபாத்திரத்துக்கு வலிக்காது, உண்மை. ஆனால் அந்த வார்த்தை தோரும் ஹல்க்கும் நாலு பேரோடு பழகினால் வராது, அதுவும் உண்மை. அதனால் அந்த வார்த்தையைக் கண்டிப்பேன், மன்னிப்பில் எது முழுசு, எது அரைகுறை என்றும் சொல்வேன். அதை வைத்து அந்த இருவரின் குடும்பம், குணம், பத்து வருஷத்துக்கு முன் எடுத்த படம் எல்லாவற்றையும் தோண்ட மாட்டேன். ஒரு பேட்டிக்கு ஒரு பேட்டி அளவுக்கான கோபம்.

நீதிமன்றம் வரை போன விஷயம் என்றால் தீர்ப்பின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். மார்வெல் படங்களில் நடித்த ஜானதன் மேஜர்ஸ் வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி முன் நான்கு குற்றச்சாட்டுகள் இருந்தன, இரண்டில் குற்றவாளி, இரண்டில் இல்லை. அன்றைக்கே மார்வெல் அவரை விலக்கியது. "எல்லாம் பொய் வழக்கு" என்றவர்களும் "எல்லாம் நிரூபணம்" என்றவர்களும் அந்த இரண்டு-இரண்டைப் படிக்கவில்லை.

அப்புறம் நடிகர்களின் சொந்தக் காதல். திரையில் ஜோடியாக வந்தவர்கள் வெளியிலும் சேர்ந்தால் ரசிகர்களுக்குத் தலைகால் புரிவதில்லை. டாம் ஹாலண்டும் ஸென்டாயாவும் காருக்குள் இருந்ததை 2021-ல் யாரோ படம் எடுத்து வெளியிட்டார்கள், எங்கள் அந்தரங்கம் பறிபோனது போல இருந்தது என்று ஹாலண்ட் பின்னர் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். நம் ஆசை அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், திரையில் பார்க்கும் ஆளைச் சொந்தக்காரர் போல உணர்கிற ஒருதலை உறவுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அந்த உணர்வு தப்பில்லை, எனக்கும் உண்டு. பதிவில் அவர்கள் பெயரைக் கோத்துவிட்டு "ஏன் பிரிஞ்சீங்க" என்று கேட்பதுதான் தப்பு. எழுத்தாளர், ஓவியர் விஷயத்திலும் இதேதான், அவர் கதையைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், அதை அவர் வாசலில் கொண்டுபோய்த் தொங்கவிடாதீர்கள்.

கூட்டம் கூடிவிட்டால்

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், பேட்மேனின் துணையாள் ராபினாக இருந்த ஜேசன் டாடை நினைத்துக்கொள்ளுங்கள். 1988-ல் இந்த ராபின் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று இரண்டு தொலைபேசி எண்கள் கொடுத்து ரசிகர்களையே கேட்டார்கள், ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாக வேண்டும் என்று 5,343, பிழைக்க வேண்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பில் போனது அந்தப் பையன் உயிர், அதுவும் ஒருவரே எத்தனை தடவை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்ற நிலையில். "ரசிகர்கள் ஜேசனை வெறுத்தார்கள்" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஏறக்குறைய பாதி அழைப்புகள் அவனுக்காகக் காசு செலவழித்தவை.

தோற்பது எப்படி என்றும் பழகிக்கொள்ளுங்கள். "இதை நான் பார்க்கவில்லை, படித்துவிட்டு வருகிறேன்" என்று எழுதிவிட்டு உண்மையிலேயே போய்ப் படியுங்கள். முன்னால் எழுதியதை அழிக்காதீர்கள், அழித்தால்தான் திரைப்பிடிப்பு எடுத்தவனுக்குக் கொண்டாட்டம். ஒரே வாதத்தை மூன்றாவது தடவை தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் எதிராளி கேட்கவில்லை, அல்லது நீங்கள் கேட்கவில்லை, எதுவானாலும் போய்த் தூங்குங்கள். புதுப் படம் வந்த வாரத்தில் முடிவைத் தலைப்பில் போடுகிறவனோடு எந்த விவாதமும் வேண்டாம், அவன் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

அந்த ராத்திரி என்னோடு மல்லுக்கு நின்ற மேரி ஜேன் கட்சிக்காரர் இப்போது நல்ல நண்பர். போன மாசம் திடீரென்று ஒரு பக்கம் அனுப்பினார், ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, எண் மட்டும்: 122, கடைசிப் பக்கம். க்வென் செத்த பிறகு பீட்டர் அறையில் தனியாக நிற்கிறான், ஆறுதல் சொல்ல வந்த மேரி ஜேனை, உனக்கு யார்மேலும் அக்கறை கிடையாது, போய்விடு என்று கடித்துத் துப்புகிறான். அவள் அழுதுகொண்டே கதவு வரை போகிறாள். கைப்பிடியில் கை. நிற்கிறாள். அப்புறம் கதவை உள்ளேயிருந்து மூடுகிறாள், 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவள் உள்ளே.

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "இதழ் எண் சரியாகப் போட்டதற்கு நன்றி" என்று மட்டும் எழுதினேன்.